முப்பத்தாறாவது படம்

எங்கள் ஊரில் கேமரா வைத்திருந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ரோல் தீராது. பொங்கலுக்குப் போட்ட பிலிமில் பன்னிரண்டு படம் எடுப்பார்கள், ஆவணியில் ஒரு காதுகுத்துக்கு இன்னும் பத்து, அதன் பிறகு அடுத்த பொங்கல் வரை அது பீரோவுக்குள் கிடக்கும். திடீரென்று படம் வேண்டுமென்றால் மிச்சத்தைக் கோழி, சைக்கிள், பக்கத்து வீட்டு நாய் என்று எதையாவது எடுத்துத் தீர்த்துவிட்டு என்னிடம் ஓடி வருவார்கள். நான் முத்துராமலிங்கம். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஸ்டூடியோவுக்கு என் அம்மாவின் பெயர், அழகி. இத்தனை வருடத்தில் எத்தனை கோழிகளுக்குப் பிரிண்ட் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சூசைமேரி டீச்சருக்கு அந்த வியாதி கிடையாது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவர். ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், அவரிடம் நேரில் கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. வகுப்பில் வரைபடத்தில் தொட்டுக் காட்டுகிற ஊர்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எண்பத்தெட்டில் இருந்து வருடா வருடம் மே மாத விடுமுறையில் ரயில் ஏறிவிடுவார். கையில் ஒரு யாஷிகா கேமரா, சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா மகன் கொடுத்தது. ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு ரோல், முப்பத்தாறு படம். இன்னொரு ரோல் எடுத்துப்போங்கள் என்று நானும் வருடம் தவறாமல் சொல்லிப் பார்த்தேன். வியாபாரி சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

"முப்பத்தாறுக்கு மேல எடுத்தா எதையும் பாத்த மாதிரி இருக்காதுண்ணே" என்பார்.

எடுக்கிற படமும் ஒரு தினுசு. நான் எதிர்பார்ப்பது கோபுரம், கோட்டை, அருவி, அதற்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆள். டீச்சர் ஆக்ராவுக்குப் போய்வந்தபோது தாஜ்மகால் ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது, அதுவும் மூலையில் விரல் அளவுக்கு. மிச்சமெல்லாம் அந்த ஊர்க்காரர்களின் வீட்டு வாசல்கள். கதவோரம் கழற்றிவிட்ட செருப்புகள், கொடியில் காய்கிற துணி, படியில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிற பெண்கள். கோவாவிலும் அதே கதை, கல்கத்தாவிலும் அதே கதை. எனக்கு எரிச்சலாக வரும்.

"இம்புட்டுத் தூரம் போயி அடுத்தவுக வீட்டு வாசலையா டீச்சர் எடுத்துட்டு வருவீக? நம்ம ஊர்ல வாசலுக்கா பஞ்சம்?"

"எந்த ஊர்ல எப்புடி வீட்டுக்குள்ள போறாக, செருப்ப எங்கன கழட்டுறாக, அதப் பாக்குறதுதாண்ணே பூகோளம். மலையும் ஆறும் புத்தகத்துலயே இருக்குல்ல."

இப்படி வழியெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாலும், முப்பத்தைந்தோடு நிறுத்திவிடுவார். முப்பத்தாறாவது படம் வீட்டுக்கு. செக்காலையில் தன் தெரு முனையில் ஆட்டோவை விட்டு இறங்கி, பையோடு நடந்து, தன் வீட்டுக்கு எதிரே நிற்கிற பூவரச மரத்தடியில் நின்றுகொள்வார். அங்கிருந்தே குரல் கொடுப்பார். அம்மா, தம்பி சவரிமுத்து, தம்பி மனைவி, அவர்கள் மகள் ஷீலா எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அந்த ஒரு படத்தை எடுத்த பிறகுதான் உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பார். மறுநாள் காலையில் ரோல் என் மேசைக்கு வந்துவிடும். கலர் பிலிம் கழுவுகிற வசதி அப்போது என்னிடம் கிடையாது. பஸ்ஸில் மதுரை லேபுக்கு அனுப்பி, மூன்றாம் நாள் பிரிண்ட் வரும்போது நான்தான் முதலில் பிரித்துப் பார்ப்பேன்.

மற்ற முப்பத்தைந்தையும் கேலி செய்வேனே தவிர, கடைசிப் படம் எனக்குப் பிடிக்கும். வருடத்துக்கு ஒன்றாக அந்த வீடு என் கண் முன்னால் வளர்ந்தது. முதல் படத்தில் ஷீலா கைக்குழந்தை, டீச்சரின் அம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்புறம் ஷீலா நிற்கிறாள், சீருடை போடுகிறாள், பல் விழுந்து சிரிக்கிறாள். தொண்ணூற்றிரண்டில் நாற்காலி மட்டும் இருந்தது. அதற்கடுத்த வருடம் நாற்காலியும் இல்லை. வெள்ளைச் சுவர் இளநீலமானது. மேற்குப் பக்கத்து அறைக்கு டீச்சர் பெரிய ஜன்னல் ஒன்று வைத்தார், அதுவும் படத்தில் வந்தது. டீச்சர் மட்டும் எதிலும் கிடையாது. எடுக்கிறவர் எப்படிப் படத்தில் இருப்பார்?

ஒருமுறை கேட்டேன், வீட்டை எதற்கு வருடா வருடம் எடுக்கிறீர்கள் என்று. சொன்னார்.

"திரும்பி வர ஒரு வாசல் இருக்குன்னு தெரிஞ்சாத்தாண்ணே அடுத்தவுக வாசல்ல நிம்மதியா நின்னு பாக்க முடியுது."

அந்த வாசல் அவருக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். எண்பத்தேழில் அவருடைய அப்பா இறந்து முப்பதாம் நாள் பூசைக்கு நான்தான் படமெடுக்கப் போனேன். வீட்டை அப்பா மகன் பெயருக்கே எழுதி வைத்திருந்தார். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் சவரிமுத்து உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னான்: "பத்திரத்துல எம் பேரு இருந்தாலும் மேக்கால ரூம்பு அக்காவுக்குத்தான். அவுக இருக்குற மட்டும் அவுகதான் இருப்பாக. இது அப்பா எங்கிட்ட வாங்குன வாக்கு." பெரியவர்கள் தலையாட்டினார்கள். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடத்தையும் நான் படமெடுத்தேன். எழுத்தில் வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடப்பிறந்தவனிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

நெகட்டிவ் எல்லாம் என்னிடமே இருந்தது. செக்காலை வீட்டில் கரையான் தொல்லை, உங்களிடம் இருந்தால் பத்திரம் என்று டீச்சர்தான் விட்டு வைத்தார். நான் ஒரு செருப்பு டப்பாவில் வருடம் எழுதிப் போட்டு வைத்தேன். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். அதைவிட மோசமான வழக்கம் ஒன்றும் இருந்தது. வீட்டு ஆள் யார் வந்து கேட்டாலும் அந்த நெகட்டிவில் பிரிண்ட் போட்டுக் கொடுப்போம். அண்ணன் கல்யாணப் படத்தைத் தங்கை வந்து கேட்பாள், மாமனார் படத்தை மருமகன் கேட்பான். எடுத்தவரைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொன்னால் ஊரில் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நெகட்டிவ் யாருடையது என்று ஒரு கேள்வி உண்டு என்பதே எனக்கு அப்போது தெரியாது.

தொண்ணூற்றாறு ஏப்ரலில் சவரிமுத்து வந்தான். மின்சார வாரியத்தில் வேலை, நல்ல பேச்சுக்காரன், வரும்போதே டீ சொல்லிவிட்டு வருகிறவன்.

"அண்ணே, அக்கா எடுத்த வீட்டுப் படம் எட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க. அக்காவுக்கு ஒரு ஆல்பம் போட்டுக் குடுக்கலாம்னு இருக்கோம். அவுககிட்ட மூச்சு விட்ராதீக. ஊருக்குப் போயிட்டு வந்ததும் கையில குடுத்து அசத்தணும்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அக்காவுக்கு இப்படிச் செய்கிற தம்பி இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறான் என்று என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னேன். போகும்போது படியில் நின்று அவன் இன்னொன்றும் சொன்னான்.

"முகப்பும் கதவும் நல்லாப் பளிச்சுன்னு தெரியணும்ணே."

ஆல்பத்துக்கு முகப்பு எதற்கு என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை. மதுரைக்குத் தனிச்சீட்டு எழுதி அனுப்பி, நிறம் சரியில்லாத இரண்டைத் திருப்பி அனுப்பி மறுபடி போட்டு வாங்கினேன். என் கல்யாணப் படத்துக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. எட்டின் முதுகிலும் வழக்கம்போல ரப்பர் ஸ்டாம்ப் குத்தினேன்: அழகி ஸ்டூடியோ, காரைக்குடி.

மே முதல் வாரம் டீச்சர் ரோல் வாங்க வந்தார். அந்த வருடம் டார்ஜிலிங். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னண்ணே, என்னயப் பாத்துச் சிரிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல டீச்சர். நல்லபடியாப் போயிட்டு வாங்க. திரும்பி வர்றப்ப வீட்டுல ஒரு சமாச்சாரம் காத்திருக்கு."

"என்ன சமாச்சாரம்?"

"சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

அவரும் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

ஜூன் முதல் தேதி காலையில் திரும்பி வந்தார். தெரு முனையில் இறங்கி, பூவரச மரத்தடியில் நின்று, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "ஷீலா, எல்லாரையும் வரச் சொல்லு" என்று குரல் கொடுத்திருக்கிறார். கண்ணாடிக்குள் தெரிந்தது ஒரு புதுப் பூட்டு. படியில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், சுண்ணாம்பு வாளியோடு இரண்டு ஆட்கள். டீச்சர் கேமராவைக் கீழே இறக்கினார். எதிர்வீட்டு மலையம்மாள் தன் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், ஒங்க சாமானெல்லாம் எங்க வீட்டுலதான் இருக்கு. தம்பி குடும்பத்தோட திருச்சிக்குக் குடி போயி எட்டு நாளாச்சு. அக்காவுக்குப் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்ல எடம் பேசியாச்சு, அவுகளுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னாக. ஒங்களுக்குத் தெரியும்ல?"

டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. ஹாஸ்டலில் யாரும் எந்த இடமும் பேசியிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

படியில் உட்கார்ந்திருந்தவர் கோட்டையூர் மெய்யம்மை ஆச்சி. மகன் மலேசியாவில் இருந்தார், வீட்டை அவர் பெயரில்தான் வாங்கியிருந்தார்கள். ஆச்சி கெட்டவர் இல்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்திருக்கிறார்.

"நீ யாரு ஆத்தா?"

"நான் இந்த வீட்டுப் பொண்ணு. இங்கனதான் இருக்கேன். அந்த மேக்கால ரூம்பு என்னோடது."

"அப்புடி ஒரு ஆளு இருக்குன்னே அந்தத் தம்பி சொல்லலையே. வீட்டுல நாங்க குடும்பத்தோட மூணு பேரு, அம்மா இருந்தாக, அவுகளும் தவறிட்டாக, வேற ஒரு பாத்தியதையும் இல்லைன்னுதான் சொன்னாக. எம் மகன் மலேசியாவுல இருந்து எப்புடி வந்து பாப்பான்? படத்தத்தான் அனுப்புனோம். எட்டு வருசப் படம். அதுலயும் ஒன்னய எங்குட்டும் காணோமே ஆத்தா."

ஆச்சி பைக்குள் கைவிட்டு ஒரு உறையை எடுத்து நீட்டினார். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட எட்டுப் படமும் அதில் இருந்தன.

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். டீச்சர் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். பயணப் பை அப்படியே தோளில் இருந்தது, கேமரா கழுத்தில். நான் எழுந்து, "என்ன டீச்சர், சமாச்சாரம் எப்புடி?" என்று கேட்டேன். ஆமாம், வாயெல்லாம் பல்லாக அப்படித்தான் கேட்டேன். அவர் எட்டுப் படத்தையும் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். எட்டு ஸ்டாம்பு.

"இது ஒங்க சீலுதானண்ணே?"

நடந்ததை அவர் வாயால் கேட்டேன். ஆல்பம் என்று சொன்னான், சத்தியமாக ஆல்பம் என்றுதான் சொன்னான் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

"தெரியாமத்தான் குடுத்தீகன்னு தெரியும். அது எனக்கு எதுக்கு ஆகும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணலையா?"

"ஒரே வீட்டு ஆளுதான டீச்சர்..."

"அப்பா வாங்குன வாக்க நீங்களும் அங்கன நின்னு கேட்டீகளேண்ணே. ஆச்சிகிட்ட என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? இந்த வீட்டுல வேற யாரும் இல்லைன்னு. அதுக்குச் சாட்சி நான் எடுத்த படம். எட்டுலயும் நான் இல்ல. நான்தான எடுத்தேன், நான் எப்புடி அதுல இருப்பேன்?"

அதுவரை அவர் குரல் வகுப்பில் பேசுகிற குரலாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் உடைந்தது.

"சமாச்சாரம் காத்திருக்குன்னு சொன்னீக. ரயில்ல மூணு நாளும் அதையேதாண்ணே நெனச்சுக்கிட்டு வந்தேன். ரூம்புக்குச் சுண்ணாம்பு அடிச்சிருப்பாகளோ, ஷீலா ஏதாச்சும் வரைஞ்சு ஒட்டியிருப்பாளோன்னு."

செருப்பு டப்பாவைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். எட்டு வருட நெகட்டிவையும் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏதாவது ஒன்று செய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் கழுத்தில் தொங்கிய கேமராவைக் காட்டி, "அந்த ரோலக் குடுங்க டீச்சர், நாளைக்கே நான் மதுரைக்கு நேர்ல கொண்டுபோயிக் கழுவிட்டு வாறேன்" என்றேன்.

"முப்பத்தஞ்சுதான் ஆயிருக்கு."

"பரவால்ல, அப்புடியே சுத்தி எடுத்துரலாம்."

"முடியாத ரோல நான் என்னைக்காவது குடுத்திருக்கேனா?"

அதோடு போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு வருடம் என் கடைப் படி ஏறவில்லை.

ஹாஸ்டலில் வார்டன் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆச்சி மனசு கேட்காமல், செக்காலை வீட்டை டீச்சருக்கே வாடகைக்கு விடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "எங்க வீட்டுக்கு நான் வாடகைக்கு வரமாட்டேன்னு ஆச்சிகிட்டச் சொல்லிருங்க" என்று டீச்சர் பதில் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. ஆறு மாதம் கழித்துக் கோட்டையூரில் ஒரு சின்ன வீடு பார்த்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோனார். தொண்ணூற்றேழு மே மாதம் அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் காய்கறிப் பை, கழுத்தில் கேமரா இல்லை. அந்த வருடம் எங்கும் போகவில்லை. என்னைப் பார்த்தார், பார்க்காதது போல டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். எனக்கு அதுதான் நியாயம் என்று பட்டது.

அதே வருடம் கிறிஸ்மஸுக்கு முன்னால் சவரிமுத்து ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவன், கொஞ்சமும் கூச்சப்படாமல் ஸ்டூடியோவுக்கு வந்தான். பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டுமாம். வழக்கம்போல டீயும் சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்த டீயை நான் தொடவில்லை.

"ஒனக்கு இங்க படம் எடுக்கிறது இல்ல. வேற கடை பாத்துக்க."

"கோவமா இருக்கீக போலருக்கு. அண்ணே, வீடு எம் பேருல இருந்துச்சு. நான் வித்தேன். அதுல என்ன தப்பு?"

"முப்பதாம் நாள் பூசையில எல்லாரு முன்னாலயும் வாக்குக் குடுத்தியே, அது?"

"அக்கா பெரிய மனுசி, சம்பாதிக்கிறாக. வருசத்துக்கு ஒரு மாசம் ஊரு ஊராச் சுத்துறாக. ஊரு சுத்துறவுகளுக்கு வீடு எதுக்குண்ணே?"

நான் கை நீட்டுகிற ஆள் இல்லை. அன்றைக்கு நீட்டியிருப்பேன். கேமராவைத் தாங்குகிற ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, வெளியே போடா என்று மட்டும் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது. எட்டு வருடம் அந்த அக்கா மூட்டையும் பையுமாக வந்து வாசலுக்கு எதிரே நின்று, இவன் முகத்தைப் பார்த்துத்தான் தன் பயணத்தை முடித்தாள். இவன் அந்த எட்டு வருடமும் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். என்னையும் ஏமாற்றித் தனக்குக் கூட்டாளியாக்கிவிட்டான். டீச்சருக்கு அவன் செய்ததுதான் துரோகம். நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வலித்தது என்னவோ உண்மை.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் ஒரு சாயங்காலம் டீச்சர் படியேறி வந்தார். தலையில் நரை கூடியிருந்தது. நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழமை காலையில பூசை முடிஞ்சதும் நான் வீட்டுல இருப்பேன். கோட்டையூர் வர முடியுமாண்ணே? ஒரு படம் எடுக்கணும்."

"வாறேன் டீச்சர். எத்தன மணிக்குன்னு சொல்லுங்க."

"பத்து மணிக்கு வாங்க. ஒங்க கேமரா வேண்டாம். என்னோடதுல ஒண்ணு பாக்கி இருக்கு." பிறகு, "வாறப்ப ஒரு புது ரோலும் கொண்டாங்க. மே மாசம் சிம்லா போறேன்" என்றார்.

மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, புது ரோலைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸிலேயே போய்விட்டேன். பெரிய பெரிய வீடுகளின் நீளமான சுவர்களைத் தாண்டி, பின்பக்கத்துச் சந்தில் ஓட்டு வீடுகள் நாலைந்து இருந்தன. அதில் கடைசி வீடு. இரண்டு அறை, வாசலில் மூன்று படி, பச்சைக் கதவு. கொடியில் ஒரு காட்டன் புடவை காய்ந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வருசப் பிலிம் டீச்சர். நிறம் மங்கிப் போயிருக்கும்" என்று தொழில்காரன் புத்தியில் சொன்னேன்.

"இருக்கட்டும்."

"இத்தன நாளு இல்லாம இப்ப என்ன?"

அவர் படியில் கிடந்த தன் செருப்பைக் காட்டினார். இடது பக்கம், சுவரை ஒட்டிக் கிடந்தது.

"பிப்ரவரியில எலெக்‌ஷன் டூட்டிக்குச் சிங்கம்புணரி போட்டாக. ரெண்டு நாளு கழிச்சு வந்தேன். பூட்டத் தெறந்து, உள்ள போயி, பானையில தண்ணி மோந்து குடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், செருப்பு அது பாட்டுக்கு அங்கன கெடக்கு. கழட்டுனது எனக்கே தெரியல. ஹாஸ்டல்ல இருந்த மட்டும் கட்டில்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சுக் கழட்டுவேன். இங்கயும் மொத ஒரு வருசம் அப்புடித்தான்." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "ஊரெல்லாம் போயி அடுத்தவுக செருப்பப் பாத்தவ, என் செருப்பப் பாக்க இம்புட்டு நாளாச்சு. இது என் வீடுதாண்ணே. வாடகை வீடுதான். இருந்தாலும் இத எனக்குத் தாரேன்னு யாரும் வாக்குக் குடுக்கல, அதுனால யாரும் புடுங்கவும் முடியாது."

கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறிக் கதவுக்கு முன்னால் நின்றார்.

"இந்தத் தடவ நான் நிக்கிறேன். நீங்க எடுங்க."

நான் எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்று கண்ணாடிக்குள் பார்த்தேன். எட்டு வருடம் நான் பிரிண்டில் பார்த்த கடைசிப் படங்களில் இல்லாதவர், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நடுவில் நின்றார். படம் எடுக்கிறவர்களுக்கே உரிய கூச்சம் அவருக்கும் இருந்தது, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சிரிங்க டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு முறை அவரைச் சிரிக்கச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று விட்டுவிட்டேன். கதவு, செருப்பு, அவர் மூன்றும் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்து அழுத்தினேன். அடுத்த படத்துக்குத் திருப்பிப் பார்த்தேன், திரும்பவில்லை. ரோல் முடிந்திருந்தது.

கேமராவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ரோலைச் சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் மூடி திறக்கிற சத்தம். ஒரு கையில் ரோலும் மறு கையில் டம்ளருமாக வெளியே வந்தார். எட்டு வருடப் பழக்கம், நான் என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். ரோலை அதன் சின்ன டப்பாவுக்குள் போட்டு மூடி, கதவில் மாட்டியிருந்த துணிப்பைக்குள் வைத்தார்.

"மதுரைக்கு நானே போயிக் கழுவிக்கிறேண்ணே. நெகட்டிவும் எங்கிட்டயே இருக்கட்டும்."

என் கை நீட்டியபடியே இருந்தது. அதில் காபி டம்ளரை வைத்தார்.

"ஆறிரப் போகுது. குடிங்க."

படியில் உட்கார்ந்து குடித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் பார்த்தேன், புது ரோலைக் கொடுக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். நான் எடுத்த அந்தப் படம் எப்படி வந்தது என்று கேட்டதில்லை, அவரும் காட்டியதில்லை.